கார்ப்ரேட்டர் மேல் பழி போடாதீர்கள்!

"மிஸ்ஸிங் அடிக்குது, பேக் ஃபயர் ஆகுது" என்று ஒரு பழைய வண்டி வந்து நின்றால் நம் கை முதலில் எங்கே போகும்? கார்ப்ரேட்டருக்குத்தான். என் கையும் அங்கேதான் போனது.

கோடை லீவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு பழைய அம்பாசடர் வந்தது. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். ஐடிலிங்கில் குலுங்கித் தள்ளியது. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி போக வேண்டும். மேஸ்திரி வெளியே போயிருந்தார். "டிப்ளமா படிக்கிற தம்பி பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்று ஓனர் நம்பி உட்கார்ந்துவிட்டார்.

ஆரம்பம் சரியாகத்தான் செய்தேன். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சின் பாடியில் எர்த் செய்து, மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும். குலுக்கல் அதிகமானால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் படுத்துவிட்ட சிலிண்டர். (ஓடுகிற எஞ்சினில் வெறுங்கையால் வயரை இழுக்காதீர்கள். எனக்கு முழங்கை வரை விறுவிறுத்தது.) இரண்டாவது சிலிண்டரில் மாற்றமே இல்லை. பிளக் கரி பிடித்துக் கிடந்தது. நான்கையும் புதிதாக மாற்றினேன்.

ஸ்டார்ட் பண்ணினால் முன்னால் 'டுப்', பின்னால் 'டமார்'! உடனே கார்ப்ரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி, மிக்ஸ்சரைத் திருகி... மத்தியானமே போய்விட்டது.

மேஸ்திரி வந்தார். சத்தத்தைக் கேட்டார், எதையும் தொடவில்லை. "ஃபயரிங் ஆர்டர் என்னடா?" என்றார். பரீட்சையில் எழுதியதுதான்: 1-3-4-2. சொல்லும்போதே புரிந்துவிட்டது. ஒன்றாவது வயரையும் இரண்டாவது வயரையும் மாற்றிச் சொருகியிருந்தேன்.

இந்த வரிசையில் இரண்டுக்கு அடுத்து ஒன்று. இடையில் கிராங்க் அரைச் சுற்று. வயர் மாறினால் முதல் சிலிண்டருக்கு ஸ்பார்க் அரைச் சுற்று முன்னதாகவே வந்துவிடும். அப்போது இன்லெட் வால்வு முழுதாக மூடியிருக்காது. தீ வந்த வழியே கார்ப்ரேட்டருக்குத் திரும்பும். இரண்டாவதுக்கோ அரைச் சுற்று தாமதம். எக்ஸாஸ்ட் வால்வு திறந்தாயிற்று. உள்ளே எரிய வேண்டியது சைலன்சரில் போய் வெடிக்கும்.

ஆகவே சத்தம் எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள். கார்ப்ரேட்டர் பக்கம் மட்டும் என்றால் மிக்ஸ்சரில் பெட்ரோல் குறைவு, அல்லது இன்லெட் வால்வு லீக் என்று சந்தேகிக்கலாம். ஆக்சிலரேட்டரை விடும்போது மட்டும் பின்னால் வெடித்தால் சைலன்சர் ஜாயின்டில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் வெடித்தால், அதுவும் நாம் கை வைத்த பிறகு வெடித்தால், வயரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

வயரை மாற்ற இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கழற்றிய கார்ப்ரேட்டரை ட்யூன் செய்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை வேறு வண்டியில் போய்விட்டார். "கார்ப்ரேட்டர்ல ஒண்ணுமில்லைங்க, வயரை மாத்திப் போட்டது நான்தான்" என்று ஓனரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பிளக்குக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப் போனார்.

இப்போதெல்லாம் வயரைக் கழற்றும் முன்பே நூல் கட்டிவிடுகிறேன். முதல் வயருக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு.