கிளி எடுக்கும் சீட்டு பலிக்குமா? டாரட் சீட்டு வழி காட்டுமா?

சேலம்:-

"மீனாட்சி, வெளியே வாம்மா! அண்ணன் பேருக்கு நல்ல சீட்டா ஒண்ணு எடுத்துக் குடு!"

கூண்டுக் கதவு திறக்கும். இறக்கை வெட்டிய பச்சைக்கிளி தத்தித் தத்தி வெளியே வரும். அடுக்கி வைத்த சீட்டுகளை மூக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளும். ஒன்றைக் கவ்வி ஜோசியர் கையில் கொடுக்கும். கூலி ஒரு நெல். அதைக் கொறித்துக்கொண்டே கூண்டுக்குள் போய்விடும்.

சீட்டைப் பிரித்தால் முருகன் இருப்பார். அல்லது மகாலட்சுமி, ஏசுநாதர், மாதா, புத்தர். வந்தவர் முகத்தைப் பார்த்தபடியே ஜோசியர் பலன் சொல்ல ஆரம்பிப்பார்.

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, திருச்செங்கோடு வைகாசித் தேர், சந்தை, கோர்ட்டு வாசல் என்று கூட்டம் கூடும் இடமெல்லாம் கிளிக்கூண்டு இருந்த காலம் உண்டு. இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். கிளி விட்ட இடத்தை செல்போன் பிடித்துவிட்டது. வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு 'டாரட்' சீட்டில் பலன் கேட்கிறார்கள். கிளி இல்லை, நெல் இல்லை. காசு மட்டும் உண்டு!

டாரட் பார்க்கிறவர்களில் பலர், "நாங்க ஜோசியம் சொல்றதில்லைங்க. மனசுக்கு வழி காட்டறோம்" என்கிறார்கள். கிளி ஜோசியர் அப்படி நழுவ முடியாது. ஜெயிப்பாயா, தோற்பாயா என்று கேட்டால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஜெயிப்பார் என்ற கிளி

அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்ட கதை 2024-ம் ஆண்டு நடந்தது. கடலூர் பாராளுமன்றத் தொகுதியில் பா.ம.க. வேட்பாளராக நின்றவர் சினிமா டைரக்டர் தங்கர்பச்சான். ஏப்ரல் மாதம் பிரசாரத்துக்குப் போன இடத்தில், தென்னம்பாக்கம் அழகுமுத்து அய்யனார் கோவில் அருகே கிளி ஜோசியம் பார்த்தார். கிளி எடுத்ததும் அழகுமுத்து அய்யனார் சீட்டு! "வெற்றி உங்களுக்குத்தான்" என்றார் ஜோசியர்.

படம் ஊரெல்லாம் பரவியது. உடனே வந்தது வனத்துறை. கிளிகள் பறிமுதல். ஜோசியரைப் பிடித்துப்போய் விசாரித்து, பிறகு எச்சரித்து விட்டார்கள். வயிற்றுப் பிழைப்பில் கை வைப்பதா என்று பா.ம.க. தரப்பில் கண்டனம் எழுந்தது.

ஜூன் 4-ந் தேதி ஓட்டு எண்ணினார்கள். ஜெயித்தவர் காங்கிரஸ் வேட்பாளர் விஷ்ணு பிரசாத். ஜெயிப்பார் என்று கிளி சொன்னவர் தோற்றார். பாவம், தன் கூண்டுக்கு வரப்போகிற ஆபத்தையும் கிளி சொல்லவில்லை!

சிங்கப்பூர் மணி

கடல் கடந்தும் ஒரு கிளி புகழ் பெற்றது. சிங்கப்பூர் 'லிட்டில் இந்தியா'வில் ஒரு தமிழ் ஜோசியர் வைத்திருந்த கிளி அது. பெயர் மணி. 2010 உலகக் கோப்பை கால்பந்துப் போட்டியில் கால் இறுதி ஆட்டம் நான்கையும் சரியாகச் சொன்னது. ஸ்பெயின் - ஜெர்மனி அரை இறுதியும் சரி. வெளிநாட்டு நிருபர்கள் ஓடி வந்தார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்து என்று எடுத்தது. கோப்பை ஸ்பெயினுக்குப் போனது.

ஐந்து தடவை காசைச் சுண்டி, ஐந்தும் சொன்னபடி விழ 32-ல் ஒரு வாய்ப்பு. ஊருக்கு 32 கிளி இருந்தால் அதில் ஒன்று 'தெய்வக்கிளி' ஆகிவிடும். மற்ற 31-ஐ யார் படம் எடுக்கப் போகிறார்கள்?

டாரட் பிறந்த கதை

டாரட் சீட்டு ஜோசியத்துக்குப் பிறந்ததே அல்ல. 15-ம் நூற்றாண்டில் இத்தாலியில் பணக்காரர்கள் ஆடிய சீட்டாட்டம் அது. அதை வைத்துக் குறி சொல்லும் வழக்கம் 18-ம் நூற்றாண்டில் பிரான்சில்தான் பெரிதாகப் பரவியது. மொத்தம் 78 சீட்டுகள். இன்று பெரும்பாலானவர்கள் பார்க்கும் படங்கள் 1909-ல் லண்டனில் வெளிவந்தவை. வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி.

அதில் 'மரணம்' என்று ஒரு சீட்டு. குதிரை மேல் எலும்புக்கூடு வரும். பார்த்தவருக்கு ஈரக்குலை நடுங்கும். "சாவு இல்லைங்க, பழசு போய் புதுசு வருது" என்பார் சீட்டு பார்ப்பவர். நம்ம ஊர் ஜோசியரும் பாம்புச் சீட்டு வந்தால் "கண்டம் இருக்கு, ஆனா தாண்டிடுவீங்க" என்பார். தொழில் ஒன்றுதான்.

"அப்படியே எனக்குச் சொன்ன மாதிரி!"

"கையில காசு வரும், நிக்காது. நீங்க நல்லது செய்வீங்க, நன்றி இருக்காது. மனசுல ஒண்ணு உறுத்திட்டே இருக்கு."

எடப்பாடிக்காரரிடம் சொன்னாலும் ராசிபுரத்துக்காரரிடம் சொன்னாலும், "எப்படிங்க கரெக்டா சொன்னீங்க?" என்பார்.

இதை 1948-ல் அமெரிக்கப் பேராசிரியர் பெர்ட்ராம் போரர் சோதித்துப் பார்த்தார். மாணவர்கள் 39 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து, 'இதுதான் உன் குணம்' என்று ஆளுக்கு ஒரு தாள். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி மார்க் 4.26. பிறகுதான் உண்மையைச் சொன்னார் - எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்! பெரும்பாலான வரிகள் கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்தில் இருந்து எடுத்தவை.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் போகிறார்கள்? போகிறவர்கள் முட்டாள்கள் அல்ல. வட்டிக்கு வாங்கி லாரி எடுக்கப் போகிற டிரைவர், மகளுக்கு மூன்று வருஷமாக வரன் தேடும் தாய், முட்டை விலை விழுந்து கோழிப்பண்ணையை மூடலாமா என்று தவிக்கும் நாமக்கல்காரர். வீட்டில் சொன்னால் சண்டை. வெளியில் சொன்னால் மானக்கேடு. ஜோசியர் முன்னால் குந்தினால் பத்து நிமிஷம் காது கொடுத்துக் கேட்கிறார். சொல்லும்போதே, தான் என்ன செய்யப் போகிறோம் என்பது வந்தவருக்குப் பாதி தெரிந்துவிடுகிறது. டாரட்காரர்கள் சொல்லும் 'வழி காட்டுதல்' இதுதான். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்வது சீட்டு அல்ல, பேச்சு.

வில்லங்கம் எங்கே என்றால், கேட்டுவிட்டுப் பணத்தைக் கொட்டுவதில். ரிக் லாரிக்குப் பேர்போன திருச்செங்கோடு வட்டாரத்தில் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறார்கள். தேங்காய் நிமிர்ந்தால் அங்கே போர். கரும்பாறை பூமி, ஆயிரம் அடி போனாலும் புகைதான் வரும் என்ற நிலை உண்டு. சீட்டு பொய்த்தால் 'நேரம் சரியில்லை' என்று போய்விடலாம். போர் பொய்த்தால் அடிக்கு இவ்வளவு என்று ரிக்காரர் கணக்கு நீட்டுவார். தேங்காய் பார்த்தவர் பஸ் ஏறியிருப்பார்.

கிளியின் கதி

இந்தியப் பறவைகளைப் பிடித்து விற்க 1990-களின் தொடக்கத்தில் இருந்தே தடை. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி பச்சைக்கிளி 2-வது பட்டியலில் இருக்கிறது. கூண்டில் வைத்தால் 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம். இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம்.

பரம்பரையாகக் கிளியை நம்பிப் பிழைத்தவர்களுக்கு வேறு தொழில் தெரியாது. வெறும் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், "கிளி எங்கய்யா?" என்று கேட்டுவிட்டு ஜனங்கள் போய்விடுகிறார்கள். ஏ.சி. அறையில் டாரட் பார்ப்பவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பிடித்த கிளியையும் அன்றே பறக்கவிட முடியாது. வெட்டிய சிறகு உதிர்ந்து புதுச்சிறகு முளைக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அதற்கு மறுபடியும் கூண்டுதான்.