புல்வெட்டும் தானியங்கிப் பொறியைத் தேர்ந்தெடுத்தல்

மைசூரின் மிதமான வெப்பமும், சூன் முதல் அக்டோபர் வரை பெய்யும் மழையும் புல் வளர்ச்சிக்கு மிகவும் ஏற்றவை. கிருஷ்ணராஜ சாகர அணையின் கீழுள்ள பிருந்தாவனப் பூங்காவைக் கண்டவர்கள், தம் வீட்டிலும் சிறு புற்றரை அமைக்க விழைவது இயல்பே. எனினும், மழைக்காலத்தில் அதனை அடிக்கடி வெட்டிப் பராமரிப்பது எளிதன்று.

இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பார், நெசவாலையில் துணியின் மேற்பரப்பைச் சீராக்கும் பொறியைக் கண்டு, 1830-ல் புல்வெட்டும் பொறியை அமைத்தார். ஆளின்றித் தானே இயங்கும் பொறியைச் சுவீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் 1995-ல் விற்பனைக்குக் கொணர்ந்தது.

இப்பொறி மின்கலத்தால் இயங்குவது. சுழலும் தட்டில் பொருத்திய சிறு கத்திகள் புல்லின் நுனியை நாள்தோறும் சிறிது சிறிதாக வெட்டுகின்றன. துணுக்குகள் அங்கேயே மக்கி உரமாகின்றன. மின்னாற்றல் குறைந்ததும் பொறி தானே மின்னேற்றும் நிலையத்திற்குத் திரும்பிவிடும். சிலவகைப் பொறிகள், புற்றரையைச் சுற்றிப் பதித்த கம்பியில் ஓடும் மெல்லிய மின்னோட்டத்தைக் கொண்டு எல்லையை உணர்கின்றன. வேறு சில செயற்கைக்கோள் குறிகளையோ ஒளிப்படக் கருவியையோ நம்புகின்றன.

தேர்ந்தெடுக்குமுன் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, இடம். தென்னையும் மாவும் அடர்ந்த தோட்டத்திலும், உயர்ந்த சுவர்களுக்கு இடையிலும் செயற்கைக்கோள் குறிகள் தடைப்படும். அங்கு எல்லைக் கம்பியே நம்பத்தக்கது. ஆனால், கோடை இடியின்போது மின்னலால் கம்பியின் வழியே பொறி பழுதாகக்கூடும். ஆதலின் இணைப்பை முன்னரே துண்டித்தல் வேண்டும்.

இரண்டாவது, சரிவு. விற்பனைத் தாள்களில் இது விழுக்காட்டில் குறிக்கப்படும். இதனைப் பாகை எனக் கொள்ளலாகாது. 100 செ.மீ. கிடைத் தூரத்தில் 35 செ.மீ. உயர்ந்தால் சரிவு 35 விழுக்காடு. கோணமோ ஏறக்குறைய 19 பாகையே. ஒரு மீட்டர் கோல், ரசமட்டம், அளவுகோல் ஆகியவற்றைக் கொண்டு மாணவரே இதனை அளக்கலாம்.

மூன்றாவது, பாதுகாப்பு. தூக்கியவுடனும் கவிழ்ந்தவுடனும் கத்தி நிற்கும் பொறியையே வாங்க வேண்டும். அது இயங்குகையில் குழந்தைகள் புற்றரையில் இருத்தலாகாது. தவளை முதலிய இரவுயிர்கள் வெட்டுண்ணாதிருக்கப் பகலில் மட்டுமே இயக்குதல் நன்று. அவ்வாறு இயக்கினால் பொறி வெட்டக்கூடிய பரப்பும் குறையும் என்பதைக் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

நான்காவது, தேவை. மைசூரில் 40 அடிக்கு 60 அடி மனை ஏறத்தாழ 223 சதுர மீட்டர். வீடும் நடைபாதையும் போகப் புற்றரைக்கு 50 சதுர மீட்டர் எஞ்சுவதாகக் கொள்வோம். 30 செ.மீ. அகலமுள்ள கைப்பொறியைத் தள்ளிக்கொண்டு ஏறக்குறைய 170 மீட்டர் நடந்தால் வேலை முடிந்துவிடும். இதற்குத் தானியங்கி தேவையில்லை. பள்ளி வளாகம், விருந்தினர் மாளிகை போன்ற பரந்த சமநிலப் புற்றரைகளிலேயே அது முழுப்பயன் தரும்.

ஆகவே, ஆலோசனை கேட்டு வருவோரிடம் பொறியின் விலையைப் பேசுமுன், நிலத்தை அளந்துவரச் சொல்வதே முறையாகும்.