பேசாமடந்தை பேசினாள்!



விக்கிரமாதித்தன் கதையில் வரும் பேசாமடந்தையை உங்களுக்குத் தெரியும்தானே? அமெரிக்காவில் நிஜமாகவே ஒரு பேசாமடந்தை இருந்தாள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஏறத்தாழ 5 ஆண்டுகள் பேசாமல் இருந்தாள்!

அவள் பெயர் மார்கரீட். 1928ம் ஆண்டு, ஏப்ரல் 4ம் தேதி பிறந்தவள். அண்ணன் பெய்லி அவளை, 'மாயா' என்று கூப்பிடுவான். ஸ்டாம்ப்ஸ் என்ற சிற்றூரில், கடை வைத்திருந்த பாட்டியிடம் இருவரும் வளர்ந்தனர்.

ஏழெட்டு வயதில், செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த அம்மாவிடம் சென்றாள் மாயா. அந்த வீட்டில் இருந்த ஓர் ஆள், அவளிடம் மிகவும் தவறாக நடந்து கொண்டான். வெளியே சொன்னால், அண்ணனைக் கொன்று விடுவதாக மிரட்டினான். பயந்து மறைத்தவள், பிறகு அண்ணனிடம் உண்மையைச் சொன்னாள். வழக்கு நடந்தது, தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனால், உடனே வெளியே வந்துவிட்ட அவனை, சில நாட்களில் யாரோ கொன்று விட்டனர்.

'நான் பேசியதால்தானே ஓர் உயிர் போனது. இனி பேசினால் வேறு யாராவது செத்துப் போவார்களோ' என்று பயந்தது அந்தப் பிஞ்சு மனம். அண்ணனைத் தவிர, யாரிடமும் பேசுவதை நிறுத்தி விட்டாள்.

உண்மையைச் சொன்னது அவள் குற்றமா? இல்லவே இல்லை! தப்பு செய்தவன் அவன்தான். ஆனால், அது அவளுக்கு அப்போது புரியவில்லை. முழங்காலில் அடிபட்டால் ரத்தம் தெரியும், மருந்து போடுவோம். மனதில் அடிபட்டால் வெளியே தெரியாது. சிலருக்குத் தூக்கம் வராது. சிலருக்குச் சட்டென்று கோபம் வரும். சிலருக்குப் பேச்சே வராது.

மீண்டும் ஸ்டாம்ப்சுக்கு வந்தாள். பேசாத பெண்ணை, 'மந்தம்' என்று ஊர் கேலி செய்தது. பாட்டியோ, அவளுக்குத் தலை பின்னி விட்டபடியே, 'ஒருநாள் நீ ஆசிரியை ஆவாய்' என்று சொல்லிக் கொண்டே இருந்தார். மாயா புத்தகங்களாகப் படித்துத் தள்ளினாள்.

அவ்வூரில் பெர்தா பிளவர்ஸ் என்ற அம்மையார் இருந்தார். மாயாவை வீட்டுக்கு அழைத்து, பிஸ்கட்டும் எலுமிச்சைச் சாறும் கொடுத்து, சார்லஸ் டிக்கன்சின் நாவலை உரக்கப் படித்துக் காட்டினார். 'பேசு' என்று அதட்டவில்லை. புத்தகங்களைக் கொடுத்து, வாய்விட்டுப் படித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு கவிதையை மனப்பாடம் செய்து வரச் சொன்னார்.

மாயா யாருக்கும் தெரியாமல் வீட்டின் அடியில் நுழைந்து, தனியாகக் கவிதை சொல்லிப் பார்த்தாள். குரல் வந்தது! கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் திரும்பியது.

அவர்தான் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ. சிறுவயதில் நடந்ததை அவர் புத்தகமாக எழுதியது எப்போது தெரியுமா? 1969ல், 40 வயதைத் தாண்டிய பிறகு! பாட்டி சொன்னதும் பலித்தது. 1982ல் வேக் பாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1993ல் கிளின்டன் அதிபராகப் பதவியேற்ற விழாவில் கவிதை வாசித்தார். வாய் திறக்காத சிறுமியின் குரலை நாடே கேட்டது! 2014ல், 86 வயதில் மறைந்தார்.

குழந்தைகளே, உங்கள் வகுப்பிலும் ஒரு பேசாமடந்தை இருக்கலாம். 'ஊமைக்கோட்டான்' என்று கேலி செய்யாதீர்கள். 'என்ன ஆச்சு?' என்று துளைக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், விளையாடக் கூப்பிடுங்கள், டீச்சரிடமும் சொல்லுங்கள்.

உங்களுக்கே அப்படி ஏதாவது நேர்ந்திருந்தால், அது உங்கள் தப்பு இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்ற ஒரு வரி போதும். வாய் வராவிட்டால் எழுதிக் காட்டுங்கள். ஆனால், யாராவது இப்போதும் தொல்லை கொடுத்தாலோ, மிரட்டினாலோ காத்திருக்காதீர்கள். அம்மா, அப்பா, டீச்சர் என்று நம்பிக்கையானவரிடம் உடனே சொல்லுங்கள். ஒருவர் நம்பாவிட்டால், இன்னொருவரிடம் சொல்லுங்கள். 1098 என்ற எண்ணுக்கு, எந்த நேரமும் இலவசமாகப் போன் செய்யலாம்.

காயம் ஆற நாளாகும். ஆனால், ஆறும்!