வானத்துப் புள்ளிகளும் வாக்குச்சீட்டுத் துளைகளும்!

வடக்கு வானில் கரண்டி போலத் தெரியும் சப்தரிஷி மண்டலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஏழு நட்சத்திரங்களும் ஒரே குடும்பம் என்றுதான் தோன்றும். உண்மையில், இடையில் உள்ள ஐந்து மட்டுமே சேர்ந்து பயணிப்பவை. கைப்பிடி நுனியில் ஒன்று, எதிர்முனையில் ஒன்று என மீதி இரண்டும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே அல்ல. பக்கத்தில் தெரிவதால் நம் கண் அவற்றையும் சேர்த்துக்கொள்கிறது.

உளவியல் அறிஞர் மாக்ஸ் வெர்தைமர், 1923-ல் வெளியிட்ட கட்டுரையில் வெறும் புள்ளிகளை வைத்தே இதை விளக்கினார். நெருங்கி இருப்பவற்றை ஒரே கூட்டமாகப் பார்ப்பது மனதின் இயல்பு. இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பத்திரிகைப் பக்கம் முதல் மொபைல் ஆப் வரை, வடிவமைப்பாளர்கள் நம்புவது இந்த இயல்பைத்தான்.

அதை மறந்தால் என்ன ஆகும்?

2000-ம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். ஃப்ளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில், முதியவர்களும் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்கினார்கள். ஒரே பக்கத்தில் இடம் போதவில்லை. அதனால், வேட்பாளர் பெயர்கள் இடம், வலம் என இரு பக்கமும் போயின. துளையிடும் புள்ளிகள் மட்டும் நடுவில் ஒரே வரிசையாக நின்றன.

இடப்பக்கம் இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால், இரண்டாவது துளை, வலப்பக்கம் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை! அங்கே புக்கானன் பெற்ற வாக்குகள் 3,407. அவற்றில் பல தனக்கானவை அல்ல என்று அவரே சொன்னார். ஒன்றுக்கு மேல் துளையிட்டதால், சுமார் 19,000 சீட்டுகள் செல்லாமல் போயின. ஜார்ஜ் புஷ் அந்த மாநிலத்தில் ஜெயித்தது வெறும் 537 வாக்குகளில். அந்த வெற்றிதான் அவரை அதிபராக்கியது.

எழுத்து பெரிதாக இருந்தது; எது எதனுடன் சேரும் என்பதுதான் தெளிவாக இல்லை.

நம் வீட்டிலும் இதற்கு வேலை இருக்கிறது. தாத்தா, பாட்டிக்கு மாத்திரைப் பட்டியல் எழுதும்போது பெயரையும் வேளையையும் ஒட்டி எழுதுங்கள். காலை மாத்திரைகளுக்கும் இரவு மாத்திரைகளுக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். எழுதி முடித்ததும் அவர்களிடமே கொடுத்து, ‘ராத்திரிக்கு எது?’ என்று கேளுங்கள். விரல் சரியான இடத்துக்குப் போகாவிட்டால், மாற்ற வேண்டியது பட்டியலைத்தான்!