தோளில் பட்ட கோல்

கால்பந்தில் தற்காப்பு ஆட்டக்காரரின் பெயர் பேப்பரில் பெரிதாக வருவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். அதிசயமாக அவர் கோல் அடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் சேம்சைடு கோல் போட்டிருக்க வேண்டும். 1998இல் வியட்நாமில் நடந்த, தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான டைகர் கோப்பையில் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டுமே நடந்தன. சேம்சைடு கோல் போட்டவர் இந்தோனேசியாவின் முர்ஷித் எஃபெண்டி. கோல் அடித்தவர் சிங்கப்பூரின் ஆர். சசிகுமார்.

சசிகுமார் என்றதும் நம்மூரில் ‘சுப்ரமணியபுரம்’ இயக்குநர்தான் நினைவுக்கு வருவார். இவர் வேறு. இந்திய வம்சாவளி, 1975இல் பிறந்தவர், சிங்கப்பூர் அணியின் தற்காப்பு வீரர். அந்த இடத்தில் நம் காதுக்குப் பழகிய பெயர் அங்கே புதிதல்ல. 1977இல் பினாங்கை 3-2 என்று வென்று மலேசியக் கோப்பையைத் தூக்கிய சிங்கப்பூர் அணியின் கேப்டன் சமது அல்லாபிச்சையும் தற்காப்பு வீரர்தான்.

1994இல் மலேசிய லீக், மலேசியக் கோப்பை இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற கையோடு, டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் எழுந்த தகராறில் சிங்கப்பூர் அங்கிருந்து வெளியேறியது. 1996இல் எஸ்-லீக் என்று சொந்தமாகத் தொழில்முறைப் போட்டியைத் தொடங்கியது. சர்வதேச அளவில் மட்டும் ஒரு கோப்பைகூட இல்லை. அந்த நிலையில்தான் ஆங்கிலேயப் பயிற்சியாளர் பேரி விட்பிரெட் தன் அணியை வியட்நாமுக்கு அழைத்துப் போனார். சிங்கப்பூர் ஜெயிக்கும் என்று அங்கே யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

எதிரணிகளே அதற்குச் சாட்சி. ஆகஸ்ட் 31 அன்று ஹோ சி மின் நகரில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மோதின. இரண்டும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதி பெற்றவை. இதில் ஜெயிக்கும் அணி ஹனோய்க்குப் பயணம் போய், போட்டியை நடத்தும் வியட்நாமைச் சந்திக்க வேண்டும். தோற்கும் அணி அதே ஊரில் இருந்துகொண்டு சிங்கப்பூரோடு ஆடலாம். ஆகவே இரண்டு அணிகளுக்கும் தோற்பதில்தான் ஆசை! 2-2 என்றிருந்தபோது, கடைசி நிமிடங்களில் எஃபெண்டி தன் கோல் வலைக்குள்ளேயே வேண்டுமென்று பந்தை அடித்தார். தடுக்க முயன்றவர்கள் தாய்லாந்து வீரர்கள். இப்படியொரு கூத்து கால்பந்தில் அபூர்வம். ஃபிஃபா இரு அணிகளுக்கும் தலா 40,000 டாலர் அபராதம் விதித்தது. எஃபெண்டிக்குச் சர்வதேச ஆட்டங்களில் ஆட ஆயுள் தடை.

ஆசைப்பட்டது கிடைத்தும் இந்தோனேசியாவுக்குப் பலனில்லை. அரையிறுதியில் சிங்கப்பூர் 2-1 என்று வென்றது. தாய்லாந்தை வியட்நாம் 3-0 என்று நொறுக்கியது.

செப்டம்பர் 5, ஹனோயின் ஹாங் டே மைதானம். கூட்டம் முழுக்க வியட்நாம் பக்கம். எழுபதாவது நிமிடத்தில் வியட்நாம் கோல் முன்னால் பந்து உயர்ந்து வந்தது. சசிகுமார் மேல் பட்டு வலைக்குள் போனது. தலையால் முட்டிய கோல் அல்ல, காலால் உதைத்ததும் அல்ல. தோளில் பட்டது என்பார்கள் சிலர், முதுகு என்பார்கள் சிலர். அழகில் அதற்கு மதிப்பெண் போட முடியாது. ஆனால் ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அதுதான். சிங்கப்பூருக்கு முதல் சர்வதேசக் கோப்பை.

இன்றுவரை சசிகுமார் என்றால் அந்தக் கோல்தான் பேச்சு. அதிர்ஷ்டம் என்று சிரிப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தத் தொடரின் ஐந்து ஆட்டங்களில் சிங்கப்பூர் விட்ட கோல்கள் இரண்டே இரண்டு. தாய்லாந்துக்கு எதிராக மூன்று கோல் போட்ட வியட்நாம், லீக் சுற்றிலும் இறுதியிலுமாக சிங்கப்பூரை இருமுறை சந்தித்தும் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆரணியில் பட்டு எடுக்க வருகிறவர்கள் கரையையும் முந்தியையும் விரித்துப் பார்ப்பார்கள். பாவு எப்படி என்று பார்க்கிறவர் நெய்கிறவர் மட்டும்தான். தோளில் பட்ட பந்து ஒரு நொடி விஷயம். இறுதியாட்டத்தின் மீதி நேரம் முழுவதும், கோல்காப்பாளர் ரெசால் ஹசனுக்கு முன்னால் நின்று வந்த பந்தையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததுதான் சசிகுமாரும் சக தற்காப்பு வீரர்களும் பார்த்த உண்மையான வேலை. அதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு குறைவு.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ‘ரெட் கார்டு’ என்ற விளையாட்டு வணிக நிறுவனத்தைத் தொடங்கினார் சசிகுமார். நடுவர் வெளியேற்றக் காட்டும் அட்டையின் பெயரையே கம்பெனிக்கு வைக்க ஒரு தற்காப்பு வீரருக்குத்தான் துணிச்சல் வரும்.

சொந்த மண்ணில் கோட்டைவிட்ட வியட்நாம், இந்தக் கோப்பைக்காக 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் சிங்கப்பூர் 2004, 2007 ஆண்டுகளிலும் ஜெயித்துவிட்டது. 2012இல் இன்னொன்று. மொத்தம் நான்கு, அவற்றில் முதல் கோப்பையை வென்று தந்த கோல் ஒரு தற்காப்பு வீரரின் கணக்கில் இருக்கிறது.