ஒழுகும் மாடிக்குப் பூச்சு மட்டும் போதுமா?

நெல்லைக் காய வைப்பதும், மல்லி, மிளகாய், கொப்பரை உலர்த்துவதும் பல கிராமங்களில் இன்று வீட்டு மொட்டை மாடியில்தான் நடைபெறுகின்றன. அதே மாடிக்குக் கீழே உள்ள அறையில்தான் விதை நெல்லும், சாப்பாட்டு நெல்லும், உர மூட்டைகளும் அடுக்கப்படுகின்றன. ஆகவே விவசாயியின் வீட்டில் மாடி ஒழுகினால் நட்டம் சுவரின் வெள்ளையோடு நிற்பதில்லை. 14 சதவீத ஈரத்துக்குள் உலர்த்திச் சேமித்த நெல்மீது ஐப்பசி அடைமழையில் நாலு நாள் சொட்டு விழுந்தால் மூட்டை சூடேறிப் பூசணம் பிடிக்கும். விதை நெல்லாக இருந்தால் முளைப்புத் திறன் போய்விடும். யூரியா மூட்டை ஈரம் குடித்துக் கட்டியாகிவிடும்.

இதற்குப் பரிகாரமாக, கடையிலிருந்து நீர்த்தடுப்புப் பூச்சு ஒரு வாளி வாங்கி வந்து, மாடியைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு இரண்டு கை அடித்துவிடுவது இப்போது வழக்கமாகி வருகிறது. அது முதல் மழைக்குத் தாங்கும். அடுத்த கோடையில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தோல் உரிவது போல உரியத் தொடங்கும். பழி மருந்தின் மேலும், விற்ற கடைக்காரர் மேலும் விழும். பெரும்பாலான இடங்களில் மருந்தில் குறை இருப்பதில்லை. பூச்சு தளத்தைப் பிடிக்காமல், தளத்தின் மேலிருந்த தூசியையும் பாசியையும் பிடித்துக் கொண்டிருந்தது. அவை கழன்றபோது பூச்சும் கழன்றது, அவ்வளவுதான். நீர்த்தடுப்பு வேலையில் உழைப்பின் பெரும்பங்கு பழைய தளத்தைப் பதப்படுத்துவதிலேயே இருக்கிறது. பூசுவது கடைசி இரண்டு நாள் வேலை.

எப்போது தொடங்குவது?

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை தருகிறது. புரட்டாசி பிறந்த பிறகு கொத்தனாரைத் தேடினால் ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் தளம் காயாது. மாசி முதல் வைகாசி வரை உள்ள வெயில் காலமே ஏற்றது. கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி போன்ற, ஜூனிலேயே தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும் பகுதிகளில் சித்திரைக்குள் முடித்துவிட வேண்டும்.

ஆனால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை மழைக்காலத்திலேயே செய்து வைத்துக்கொள்வது நல்லது. சொட்டும் இடங்களை உள்கூரையில் கரியால் வட்டமிட்டுக் குறித்து வையுங்கள். மேலே ஓட்டை இருக்கும் இடத்துக்கு நேர் கீழேதான் சொட்டும் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் ஓட்டுக்கு அடியில் வாட்டம் கண்ட பக்கம் பல அடி ஓடி, பிறகே கீழே இறங்கும். குறித்த இடத்திலிருந்து மேட்டுப் பக்கமாகத் தேடிப் போவதே முறை.

தட்டிப் பார்த்தல்

கான்கிரீட் தளம் போட்ட வீடுகளில் பொதுவாக மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் கம்பி கட்டிய கான்கிரீட். அதன் மேல் சுமார் 3 அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்த தளம். அதற்கு மேல் சிமெண்டுக் கலவையில் பதித்த ஓடு. பொதுப்பணித் துறை வழக்கில் ஜல்லி 32 பங்குக்கு நீறிய சுண்ணாம்பு 12½ பங்கு என்பது கணக்கு. இந்தச் சுண்ணாம்பு அடுக்குதான் வெயிலைத் தாங்குவதும், வாட்டத்தைக் கொடுப்பதும். ஓட்டின் இடுக்கு வழியாக நீர் இறங்கினால் பஞ்சு போல உறிஞ்சி வாரக் கணக்கில் வைத்துக்கொள்வதும் இதுவே.

மாடி முழுவதையும் சிறு சுத்தியலின் கைப்பிடியாலோ, மரக்கட்டையாலோ அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். பிடிப்பாக உள்ள ஓடு 'டக்' என்று கெட்டியாகச் சத்தமிடும். அடியில் பிடிப்பு விட்ட ஓடு பானையைத் தட்டியது போல 'டொம்' என்று ஒலிக்கும். அப்படி ஒலிக்கும் ஓடுகளையெல்லாம் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, கொத்துளியால் பெயர்த்து எடுத்துவிட வேண்டும். பக்கத்து ஓடு நல்லதாக இருந்தால் அதை அசைக்காமல் எடுப்பதில்தான் கொத்தனாரின் கைத்திறன் இருக்கிறது. எடுத்த இடத்தில் சுண்ணாம்பு ஜல்லியை விரலால் கிள்ளிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் அதையும் கெட்டியான பாகம் வரும் வரை சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும்.

மாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டொம்மென்று ஒலித்தால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை என்பது நம் கருத்து. ஓடு முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிப்பதே முடிவில் சிக்கனம்.

பெயர்க்கும் சிரமத்துக்கு அஞ்சி, பழைய ஓட்டின் மேலேயே இன்னொரு ஜல்லித் தளம் போடச் சொல்பவர்களும் உண்டு. இதை ஒப்புக்கொள்ளக் கூடாது. 3 அங்குல ஜல்லித் தளம் 100 சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் எடை வரும். முப்பது, நாற்பது ஆண்டு ஆன கூரையின் மேல் இந்தப் பாரத்தை ஏற்றுவது வீட்டில் உள்ளோரின் உயிரோடு விளையாடுவதாகும்.

அதே போல, கீழே நின்று உள்கூரையையும் பார்க்க வேண்டும். சிமெண்டு பிளந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தால், முதலில் அதற்கு வைத்தியம். துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. இந்த நிலையில் மேலே எத்தனை வாளி பூசினாலும் கூரை தேறாது; பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டிவிட்டே மேலே கை வைக்க வேண்டும்.

வாட்டமும் தண்ணீர்க் குழாயும்

10 அடி நீளத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வாட்டம் இருக்க வேண்டும். சரி பார்க்க எளிய வழி, ஒரு குடம் தண்ணீரை மேட்டில் ஊற்றிப் பார்ப்பதுதான். அரை மணி கழித்தும் தேங்கி நிற்கும் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அந்த இடத்தில் ஓட்டை எடுத்து உயர்த்திப் பதிக்க வேண்டும். தேங்கிய நீர் எந்தப் பூச்சையும் நாளடைவில் தின்றுவிடும். பள்ளத்தைப் பூச்சாலேயே நிரப்பிவிடலாம் என்று வாளி வாளியாகக் கொட்டுவது வீண் செலவு. தடித்த இடம் காயாமல் வெடிக்கும்.

குழாய் வாயைச் சுற்றி ஒரு அடி சதுரத்துக்குத் தளம் அரை அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். பல வீடுகளில் அடுத்தடுத்துப் பூசிப் பூசி, வாய் உயர்ந்து போயிருக்கும். சுமார் 400 சதுர அடிக்கு 4 அங்குலக் குழாய் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

2003ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பிறகு, பல வீடுகளில் மாடிக் குழாய் கிணற்றுக்கோ, தொட்டிக்கோ போகிறது. கழுவும் வேலை தொடங்கும் முன் அந்த இணைப்பைக் கழற்றி வெளியே திருப்பிவிட மறக்கக் கூடாது. மாட்டுத் தொட்டிக்குப் போகும் குழாய்க்கும் இதுவே.

பாசி, எண்ணெய், பழைய பூச்சு

கறுப்பாகப் படிந்த பாசியைக் கம்பி பிரஷ்ஷால் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்துப் பெருக்கிய பின், 10 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் வீதம் கரைத்துத் தெளித்து, ஒரு மணி நேரம் ஊற விட்டு மறுபடியும் தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். இந்தக் கரைசல் தெளித்த இடத்தில் ஆசிட் ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும். ஆசிட்டே வேண்டாம் என்பதுதான் நமது யோசனை. அது சுண்ணாம்பையும் ஓட்டின் இடுக்குக் கலவையையும் அரித்துவிடுகிறது. வண்டி கழுவும் அழுத்தப் பம்பு வைத்திருப்போர் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் பழைய சுண்ணாம்பு இடுக்குகளுக்கு நேராகப் பிடித்தால் கலவை பறந்துவிடும்.

கொப்பரையும் நிலக்கடலையும் உலர்த்திய மாடிகளில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. எண்ணெய் ஓட்டில் இறங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எண்ணெய் இறங்கிய ஓட்டில் எந்தப் பூச்சும் ஒட்டாது. கழுவிக் காய்ந்த மாடியில் அங்கங்கே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். ஓடு நீரைக் குடித்துக் கறுத்தால் நல்லது. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் எண்ணெயோ, பழைய பூச்சோ இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். சலவைச் சோடாவைக் கொதிநீரில் கரைத்து ஊற்றித் தேய்க்க வேண்டும். இரண்டு முறை தேய்த்தும் போகவில்லை என்றால் அந்த ஓடுகளை மாற்றிவிடுவதே மேல்.

முன்பு தார் பூசியிருந்தால் அதைச் சூடு இல்லாத விடியற்காலையில் சுரண்டுங்கள். குளிரில் தார் உடையும், வெயிலில் இழுக்கும். தார் மேல் தண்ணீர் கலந்து அடிக்கும் பூச்சுகள் நிற்பதில்லை.

கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை ஒடித்து எறிவதால் பலன் இல்லை, மீண்டும் துளிர்க்கும். சுற்றியுள்ள செங்கல்லைப் பெயர்த்து வேரோடு எடுத்துவிட்டுக் கட்ட வேண்டும். வேரைச் சாகடிக்க உப்புப் போடும் பழக்கம் கம்பிக்கு ஆகாது.

விரிசல்

மயிரிழை விரிசல்களைப் பூச்சே மூடிவிடும். நகம் நுழையும் அளவு விரிசல் என்றால், அரை அங்குல அகலம், அரை அங்குல ஆழத்துக்குக் கொத்துளியால் வாய் விரித்து, உள்ளே உள்ள தூசியை அகற்ற வேண்டும். இதற்குச் சைக்கிள் பம்பு மிக நன்றாகப் பயன்படுகிறது.

நீளமாக ஓடும் விரிசலைக் காலை ஆறு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் பாருங்கள். காலைக் குளிரில் தளம் சுருங்குவதால் விரிசல் அகன்றிருக்கும், பகலில் ஒடுங்கும். இப்படி அசையும் விரிசலில் சிமெண்டுக் கலவை வைத்தால் ஒரே வாரத்தில் பக்கத்தில் இன்னொரு கோடு விழும். இழுத்தால் இழுபடும் சீலன்ட் வகை மெழுகைக் காலை வேளையில், விரிசல் அகன்றிருக்கும்போது வைத்து அடைக்க வேண்டும்.

ஒழுகலில் பெரும்பாகம் மாடியின் நடுவில் வருவதில்லை. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில்தான் வருகிறது. அங்கே பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, இரண்டு மூன்று அங்குலத்துக்கு முக்கோணச் சாய்வாகக் கலவை வைத்துத் தேய்த்துவிட வேண்டும். நேர் மூலையில் பூச்சு மடங்கி வெடிக்கும், சாய்வில் வெடிக்காது. பின்னால் அடிக்கும் பூச்சும் சுவரின் மேல் அரை அடி ஏற வேண்டுமாதலால், அந்த உயரம் வரை வெள்ளையடிப்பையும் சுரண்டி வையுங்கள்.

காய்ந்ததா?

சிமெண்டு ஒட்டுப் போட்ட இடங்களுக்கு ஏழு நாள் தண்ணீர் காட்டி, அதன் பிறகு இரண்டு வாரமாவது வெயிலில் காய விட வேண்டும். பிறகு இரண்டு அடி சதுரப் பாலிதீன் தாளை மாலையில் தளத்தின் மேல் விரித்து நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டி, மறுநாள் பகலில் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதன் மேல் பூசினால் வெயிலில் அந்த ஈரம் ஆவியாகிப் பூச்சைத் தூக்கும். கொப்புளங்களின் கதை இதுதான். ஜல்லித் தளம் நீர் கோத்திருந்தால் பள்ளத்துப் பக்கம் நாலைந்து ஓட்டை எடுத்துவிட்டு உலர விடுங்கள்.

சிமெண்டோடு கலந்து பூசும் சில வகைகளுக்குத் தளத்தை லேசாக நனைத்துக்கொள்ள வேண்டும். தார் வகைக்குச் சொட்டு ஈரமும் ஆகாது. டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

வேலை முடிந்ததும் குழாயை அடைத்து ஒரு அங்குலம் நீர் நிறுத்திச் சோதிப்பது உண்டு. கான்கிரீட் கூரைக்கு இது சரி. 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 235 கிலோ பாரம் ஏறுவதால், மர உத்திரக் கூரைக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

மர உத்திரத்தின் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணாம்பும் மரமும் மூச்சு விடும் பொருள்கள். மேலே சிமெண்டைத் தடிப்பாகப் பூசி அடைத்தால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி, சுவருக்குள் இருக்கும் உத்திர முனைகளை உளுக்கச் செய்யும். இவற்றுக்குச் சுண்ணாம்புக் கலவையிலேயே தட்டோடு மாற்றிப் பதித்து, இடுக்குகளைக் கடுக்காய், வெல்ல நீர் சேர்த்த கலவையால் அடைப்பதே பொருந்தும். வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது சிரமம்தான். ஆனாலும் தேடுவது தகும்.

நெல் உலர்த்தும் மாடிக்கு வர்ணம் போல அடிக்கும் மெல்லிய பூச்சை மட்டும் நம்புவது சரிவராது. இரும்பு மண்வெட்டியின் ஒரே இழுப்பில் கிழிந்துவிடும். பதப்படுத்திய தளத்தில் பூச்சு அடித்து, அதன் மேல் ஓடு பதித்துக்கொள்வது நல்லது. அதற்கு வசதிப்படாதவர்கள் பூச்சு இறுக ஒரு வாரம் விட்டு, எப்போதும் தார்ப்பாய் விரித்தே தானியத்தைக் கொட்ட வேண்டும்; நெல்லைக் கிளறவும் அள்ளவும் மரப்பலகையையே பயன்படுத்த வேண்டும்.