ஜல்லியிலிருந்து டயோனிசஸ் வரை

சைப்ரஸ் தீவின் பாஃபோஸில் ஒரு பணக்காரர் வீட்டுத் தரை, சிறு கல்துண்டுகளைப் பதித்துப் படம் செய்த மொசைக் தரை. சிறுத்தைகள் பூட்டிய தேரில் மதுக்கடவுள் டயோனிசஸ் வருகிறார்; தண்ணீரில் தன் உருவத்தையே பார்த்துச் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறான் நார்சிசஸ். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ போட்ட இந்தத் தரை, 1962இல் வயலில் வேலை நடந்தபோது தற்செயலாக வெளிப்பட்டது. கதையெல்லாம் மேலே ஒரு விரல்கடை கனத்துக்குத்தான். பாரம் தாங்குவது அடியில்.

அந்த அடித்தளத்துக்கு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் முறை எழுதிவைத்திருக்கிறார். முதலில் மண்ணை இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் உள்ளங்கை நிறையும் அளவுக்குக் குறையாத கற்கள். அடுத்து, மூன்று பங்கு ஜல்லிக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து கொட்டி, ஆட்கள் கூட்டமாக நின்று மரக்கட்டைகளால் இடித்து, முக்கால் அடி கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கும் மேல் ஓட்டுத்தூளும் சுண்ணாம்பும், அதே மூன்றுக்கு ஒன்று; நம்மூர்ச் சுர்க்கிக் காரையேதான். ஈரத்தை எளிதில் ஏறவிடாது. தோண்டிப் பார்த்த பல தரைகளில் அவர் சொன்ன கனம் இல்லை. மேஸ்திரிகள் எந்தக் காலத்திலும் மேஸ்திரிகள்தான்.

பிறகு மட்டம் பார்த்து, படத்துக்கான கோடுகளைக் கீறியோ வண்ணத்தால் தீட்டியோ வைப்பார்கள். சாப்பாட்டு அறையானால் மூன்று சுவரோரமும் சாய்வுக் கட்டில்கள் வரும். அங்கே வெறும் கட்டங்கள் போதும். கதைகள் நடுவிலும் வாசல் பக்கமும். கட்டிலுக்கடியில் கடவுளை வைத்து யாருக்கு லாபம்?

கல் உடைப்பது தனி வேலை. மரத்துண்டில் நிமிர்த்தி நட்ட உளிமேல் கல்லை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. வெள்ளை, கறுப்பு, மஞ்சளெல்லாம் உள்ளூர்ப் பாறையில் கிடைக்கும். பளீர் நீலத்துக்கும் பச்சைக்கும் கண்ணாடிதான்.

பதிக்கும்போது, இறுகுவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டுமே மெல்லிய காரை பூச வேண்டும். உருவம் முதலில், பின்னணி பிறகு. முகத்துக்கு மிகச் சிறிய கற்கள். கன்னம் வளையும் பக்கமெல்லாம் கல்வரிசையும் வளையும். உருவத்தைச் சுற்றிப் பின்னணி நிறத்திலேயே ஓரிரு வரிசை ஓட்டிவிட்டு, அப்புறம்தான் மீதிப் பரப்பை நிரப்புவார்கள். பதித்தவர் தேர்ந்தவரா என்று அறிய நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், இந்த ஓரவரிசையைத்தான் பார்ப்பேன். மிக நுணுக்கமான நடுப்படத்தைப் பட்டறையிலேயே கல் தட்டிலோ சுடுமண் தட்டிலோ பதித்து, முழுதாகக் கொண்டுவந்து இறக்குவதும் உண்டு.

கடைசியில் தேய்த்து மேடுபள்ளம் போக்கி, பளிங்குத்தூள் தூவி, சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு கொடுப்பார்கள்.

கூலி? 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் விதித்த உச்சவரம்புப் பட்டியலில், தரைக்குக் கல் பதிப்பவருக்குச் சாப்பாட்டுடன் நாளுக்கு 50 டினாரி. ரொட்டி சுடுபவருக்கும் அதேதான். உருவம் தீட்டும் ஓவியருக்கு 150.